கணினி ‘மிஸ்ஸிங்’ என்று சொன்னால்...



கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஹெந்தளையில் எங்கள் நிலையத்தைத் திறந்து கதிரைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. எங்கள் கணினி வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர் அவசரமாக இறங்கி வந்தார். ஓட்டோவின் பின் இருக்கையில் ஓர் அரிசிச் சாக்கு. சாக்குக்குள் அவருடைய கணினியின் சீ.பி.யூ. பெட்டி.

“தங்கச்சி, ‘படங்களை அழிச்சுப்போடாதேங்கோ’ எண்டு சிங்களத்தில எப்பிடிச் சொல்லுறது? ஒரு துண்டில எழுதித் தாங்கோ. ஓட்டோ நிக்குது.”

எந்தப் படங்கள், யார் அழிக்கப்போகிறார்கள் என்று கேட்டேன். பதில் சொல்ல அவருக்குப் பொறுமை இருக்கவில்லை. மீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓட்டோவை அனுப்பிவிட்டு, பெட்டியை உள்ளே கொண்டுவரச் சொன்னேன். ஒரு தேநீர் குடித்த பிறகுதான் கதை வெளியே வந்தது.

அக்காவின் சொந்த இடம் வன்னி. 2009க்குப் பின் முகாம், பிறகு உறவினர் வீடு, பிறகு மகனின் படிப்புக்காக இங்கே ஒரு வாடகை அறை. அயலவர்களுக்குக் கடிதம், விண்ணப்பப் படிவம், சுயவிபரக்கோவை எல்லாம் தட்டச்சுச் செய்து கொடுத்துக் கொஞ்சம் உழைக்கிறார். இரண்டு நாட்களுக்கு முன் கடிதம் எழுதும் மென்பொருளை அழுத்தியபோது அது திறக்கவில்லை. திரையில் சிறிய பெட்டி ஒன்று வந்து நின்றது. ஆங்கிலத்தில் இரண்டு வரி. அதில் அவருக்கு விளங்கிய சொல் ஒன்றே ஒன்று: ‘மிஸ்ஸிங்’.

அந்தச் சொல்லை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. கணவரைத் தேடி ஏறி இறங்கிய அலுவலகங்களில், கோவைகளின் மேலும் படிவங்களின் தலைப்பிலும் பார்த்துப் பழகிய சொல் அது. “கொம்பியூட்டருக்குள்ள இருந்த எல்லாம் போட்டுது எண்டு நினைச்சன்” என்றார்.

உள்ளே என்ன இருந்தது? கணவரின் படங்கள். அவருடைய அடையாள அட்டையின் பிரதி. சத்தியக் கடதாசி. 2010 இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதம். 2013 இல் நியமிக்கப்பட்ட, பரணகம ஆணைக்குழு என்று நாம் சொல்லும் ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாகி 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு அனுப்பியது. மூலப் பிரதிகளில் சில, இடம் மாறி இடம் மாறி நனைந்து போயின. ஸ்கேன் செய்து வைத்ததுதான் மிச்சம்.

முதல் நாள் மாலை, அந்தச் செய்தியைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து ஒரு கணினிக் கடையில் காட்டியிருக்கிறார். கடையில் நின்ற பெடியன் பார்த்துவிட்டு “ஃபோர்மட் கரமு” என்றானாம். 4,000 ரூபா. அக்கா “ஹரி, ஹரி” என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். இரவு மகன்தான், “அம்மா, ஃபோர்மட் அடிச்சா எல்லாம் அழிஞ்சுபோம்” என்று சொன்னானாம். அக்கா விடியும்வரை நித்திரை கொள்ளவில்லை.

கடைக்காரர் மேல் நான் குறை சொல்லமாட்டேன். என்ன குறைந்திருக்கிறது என்று தேடிப் பார்க்க அரை நாள் போகலாம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது அவர்களுக்குச் சுலபம். கணினிக்குள் நாம் எதை வைத்திருக்கிறோம் என்பது நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

நான் படித்தது சமூகவியல். கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அடிபட்டுக் கற்றதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இதேபோன்ற ஒரு செய்திக்குப் பயந்து, ஃபோர்மட் செய்யுங்கள் என்று நானே ஒப்புதல் கொடுத்தேன். பல மாதங்கள் வீடு வீடாகச் சென்று பெண்களிடம் கேட்டு எழுதிய குறிப்புகள் அதோடு போயின. அந்தப் பெண்களிடம் திரும்பிப் போய், “மறுபடி சொல்லுங்கள்” என்று கேட்க எனக்கு முகம் இருக்கவில்லை. அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

கணினி உண்மையில் என்ன சொல்கிறது?

அக்கா எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அந்த இரண்டு வரியின் பொருள் இவ்வளவுதான்: “உங்கள் கணினியில் இன்ன பெயருள்ள கோப்பு இல்லாததால் இந்த மென்பொருளைத் தொடங்க முடியவில்லை. மென்பொருளை மறுபடி நிறுவிப் பாருங்கள்.” பயமுறுத்தும் செய்திபோலத் தெரிந்தாலும், என்ன குறைகிறது என்று பெயர் சொல்லி, என்ன செய்யலாம் என்றும் அதுவே சொல்கிறது.

குறைந்திருந்த கோப்பின் பெயர் ‘டி.எல்.எல்.’ என்ற மூன்று எழுத்துகளில் முடிந்தது. ‘டைனமிக் லிங்க் லைப்ரரி’ என்பதன் சுருக்கம் அது. இதை இப்படி விளங்கிக்கொள்ளுங்கள். ஒரே வளவுக்குள் நான்கு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. வளவில் ஒரே ஓர் அம்மி. எல்லோரும் அதில்தான் அரைக்கிறார்கள். ஆளுக்கோர் அம்மி வாங்கி இடத்தை அடைக்கத் தேவையில்லை. ஒரு நாள் யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், அடுப்பு இருக்கும், அரிசி இருக்கும், ஆனால் சம்பல் அரைக்க முடியாது. டி.எல்.எல். கோப்புகளும் அப்படித்தான். பல மென்பொருள்கள் பொதுவாகப் பாவிக்கும் துண்டுகள் அவை. ஒன்று குறைந்தால் அதை நம்பியிருந்த மென்பொருள் வாசலிலேயே நின்றுவிடும்.

இங்கே ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். காணாமல் போனது மென்பொருளின் துண்டு. உங்கள் கடிதங்களும் படங்களும் வேறு இடத்தில், வேறு கோப்புறையில் இருக்கின்றன. அம்மி போனதால் அலுமாரியில் இருக்கும் உறுதிப் பத்திரம் போய்விடாது. உங்கள் பத்திரங்களுக்கு ஆபத்து வருவது, பயத்தில் நாம் செய்யும் அடுத்த வேலையால்தான்.

முதல் வேலை: பிரதி எடுப்பது

அக்காவின் பெட்டியை எங்கள் திரையோடும் விசைப்பலகையோடும் இணைத்தோம். விண்டோஸ் வழமைபோலத் திறந்தது. ‘டொகியூமென்ட்ஸ்’ கோப்புறையைத் திறந்தோம். எல்லாம் இருந்தன. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒவ்வொரு பெயராக எண்ணத் தொடங்கினார்.

எதையும் திருத்தத் தொடங்கவில்லை. முதலில் ஒரு பென்டிரைவில் டொகியூமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ் நான்கையும் பிரதி எடுத்தோம். நம்மில் பலர் பத்திரங்களை டெஸ்க்டொப்பிலேயே விட்டுவிடுவதுண்டு. டவுன்லோட்ஸில் விழுந்தவை அங்கேயே கிடப்பதும் உண்டு. அதனால் நான்கையும் பாருங்கள்.

பிரதி சரியாக விழுந்ததா என்று பார்க்க, பென்டிரைவை நிலையத்தின் இன்னொரு கணினியில் போட்டுத் திறந்தோம். அங்கே அக்காவுக்கு இன்னோர் அதிர்ச்சி. 2010 ஆம் ஆண்டுக் கடிதத்தைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து ஏதோ கிறுக்கியதுபோல் இருந்தது. “ஐயோ, இது பழுதாப்போச்சே!” என்றார். பழுதாகவில்லை. அந்தக் கடிதம் பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினி இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். அக்காவின் கணினியிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து இதில் நிறுவியதும் தமிழ் வந்தது. உங்களிடம் பழைய பாமினிக் கடிதங்கள் இருந்தால், எழுத்துருக் கோப்பையும் அதே பென்டிரைவில் சேர்த்து வையுங்கள். புதிதாக அடிப்பவற்றை யுனிகோடில் அடியுங்கள். அது எந்தக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் தமிழாகவே தெரியும்.

எப்படிக் காணாமல் போகிறது?

பிரதி எடுத்தபின் ஆறுதலாகக் காரணத்தைத் தேடினோம். பொதுவாக நடப்பவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வேறொரு மென்பொருளை அகற்றும்போது பொதுத் துண்டும் சேர்ந்து போவது. இரண்டாவது, வைரஸ் தடுப்பு மென்பொருள் சந்தேகப்பட்டுப் பிடித்து அடைத்து வைப்பது. மூன்றாவது, ஒரு மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுவரும்போது அதன் முழுக் கோப்புறையையும் எடுக்காமல், அழுத்தும் படத்தை மட்டும் எடுத்து வருவது. நான்காவது, காசு கொடுக்காமல் உடைத்து எடுத்த கள்ளப் பிரதிகள். அவற்றை உடைத்தவர்கள் சில துண்டுகளை மாற்றியிருப்பார்கள், வைரஸ் தடுப்பு அதைப் பிடித்துவிடும். இலவசமாகவே நேர்மையான மென்பொருள்கள் இருக்கின்றன. ‘லிப்ரே ஓஃபிஸ்’ அவற்றில் ஒன்று; அதில் தமிழ் யுனிகோடில் கடிதம் அடிக்கலாம். ஐந்தாவது, விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலம் நமக்கு மறந்திருக்காது. ஆறாவது, வன்தட்டே பழுதாவது. பெட்டிக்குள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று வழமையில்லாத சத்தம் கேட்டால் வேறொன்றும் செய்யாமல் உடனே பிரதி எடுங்கள்.

ஏழாவது ஒன்றும் உண்டு: நாமே அழிப்பது. 2001 இல் உலகெங்கும் ஒரு மின்னஞ்சல் சுற்றியது. விண்டோஸில் இன்ன பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள், தெரிந்த எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று அதில் இருந்தது. உண்மையில் அது விண்டோஸுக்குச் சொந்தமான, நீளமான கோப்புப் பெயர்களைப் பாதுகாக்கும் ஒரு சிறு கருவி. 2002 இல் மறுபடி ஒன்று. கரடிப் பொம்மைப் படம் போட்ட ஒரு கோப்பு 14 நாட்கள் ஒளிந்திருந்து கணினியைத் தாக்கும் என்று பயமுறுத்தியது. அதுவும் விண்டோஸோடு வந்த கோப்புத்தான். தேடிப் பார்த்தவர்களின் கணினியில் அந்தப் படம் இருந்ததால் கதை உண்மை என்று நம்பினார்கள். தாங்கள் அழித்ததோடு நிற்காமல், நல்ல மனதோடு நண்பர்களையும் அழிக்கவைத்தார்கள். இப்போது அதே வேலையை வட்ஸ்அப் செய்திகள் செய்கின்றன. “உடனே அழி, எல்லோருக்கும் அனுப்பு” என்று எது வந்தாலும் ஒரு நாள் பொறுத்து, தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

வைரஸ் தடுப்பும் பிழை விடும். 2010 ஏப்ரல் 21 ஆம் திகதி, மெக்காஃபி வைரஸ் தடுப்பின் புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் மிக முக்கியமான கோப்பு ஒன்றை வைரஸ் என்று பிழையாகப் பிடித்தது. பல நாடுகளில் கணினிகள் நிறுத்தமில்லாமல் தாமாகவே மறுபடி மறுபடி தொடங்கின. அந்தக் கணினிகளைப் பாவித்தவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. ஆகவே கணினி மறித்தால், “நான்தான் எதையோ அமத்திப் பழுதாக்கிப்போட்டேன்” என்று உங்களையே குற்றம் சொல்லாதீர்கள்.

அக்காவின் கணினிக்கு என்ன நடந்தது?

மகனுக்குத் தொலைபேசி எடுத்தோம். “தம்பி, போன கிழமை கொம்பியூட்டரில எதையாவது அகற்றினீரா?” என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, விளையாட்டு ஒன்றை அகற்றியதாகச் சொன்னான். வேறு? “பட்டியலில மைக்ரோசொஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் எண்டு கனக்க இருந்தது, மிஸ். நாங்கள் ஒருத்தரும் போடேல்லை. இடத்தைப் பிடிக்குது எண்டு எல்லாத்தையும் எடுத்திட்டன்.”

அம்மி எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. பெயரைப் பார்த்து வேண்டாத சாமான் என்று பலர் நினைப்பதுண்டு. அந்தப் பொதிகளை நாம் கேட்டு வாங்குவதில்லை. ஒரு மென்பொருளை நிறுவும்போது அதுவே தன் தேவைக்கு ஏற்றிக்கொள்ளும். அந்தப் பையனில் பிழையில்லை. அம்மாவுக்கு இடம் மிச்சப்படுத்திக் கொடுக்கத்தான் நினைத்திருக்கிறான்.

திருத்தும் வழி இலகுவாக இருந்தது. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குச் சென்று, ‘விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ பொதியை இலவசமாக இறக்கினோம். அதில் எக்ஸ்86, எக்ஸ்64 என்று இரண்டு உண்டு. முதலாவது 32 பிட் மென்பொருள்களுக்கு, மற்றது 64 பிட் மென்பொருள்களுக்கு. 64 பிட் விண்டோஸில் இரண்டு வகை மென்பொருளும் ஓடுவதால் இரண்டையும் போடுவது நல்லது. இரண்டும் சேர்ந்தாலும் 50 எம்.பி.க்குக் குறைவுதான். என் தொலைபேசி டேட்டாவிலேயே இறக்கினோம். நிறுவி, கணினியை நிறுத்தி மறுபடி தொடங்கினோம். கடிதம் எழுதும் மென்பொருள் திறந்தது.

உங்களுக்கும் இதே செய்தி வந்தால், கோப்பின் பெயரில் உள்ள இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எம், எஸ், வி, சி என்று தொடங்கும் பெயரில் 100 இருந்தால் 2010 ஆம் ஆண்டுப் பொதி வேண்டும். 110 என்றால் 2012, 120 என்றால் 2013, 140 என்றால் 2015 முதல் வந்த பொதி. பிள்ளைகளின் பழைய விளையாட்டுகளில் ‘டி3டிஎக்ஸ்9’ என்று தொடங்கும் கோப்பு இல்லை என்று வந்தால், மைக்ரோசொஃப்டின் ‘டைரக்ட் எக்ஸ்’ பொதி வேண்டும்.

மற்றவர்கள் பார்க்கவேண்டிய ஒழுங்கு

எல்லோருக்கும் காரணம் இதுவாக இருக்காது. ஆகவே இந்த ஒழுங்கில் பாருங்கள். ஒன்றில் சரிவந்தால் அதோடு நிறுத்திவிடலாம்.

செய்தியை மூடமுன் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். பத்திரங்களைப் பிரதி எடுங்கள். ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள், தவறி அழித்தது அதற்குள் கிடக்கலாம். பிறகு வைரஸ் தடுப்பின் ‘ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி’ பகுதியைப் பாருங்கள். அங்கே அந்தக் கோப்பு அடைபட்டிருந்தால், அது நம்பிக்கையான இடத்திலிருந்து வந்த மென்பொருளுக்குரியது என்று உறுதியானால் மட்டும் ‘ரிஸ்டோர்’ கொடுங்கள். யாரோ தந்த பென்டிரைவில் வந்தது என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்ததாக, மறித்த மென்பொருளை அகற்றிவிட்டு அதன் சொந்தத் தளத்திலிருந்து மறுபடி நிறுவுங்கள். மென்பொருளை அகற்றுவதால் பொதுவாக உங்கள் கடிதங்கள் அழியமாட்டா. ஆனாலும் பிரதி எடுத்தபின்தான் செய்யவேண்டும்.

குறைந்தது விண்டோஸின் சொந்த முறைமைக் கோப்பு என்றால், அதைத் தேடிச் சீராக்கும் கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டார்ட் பகுதியில் ‘கமாண்ட் ப்ரொம்ப்ட்’ என்று தேடி, அதன்மேல் வலது பொத்தானை அழுத்தி ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் எஸ், எஃப், சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, பிறகு ‘ஸ்கேன் நவ்’ என்பதை ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் சேர்த்து அடித்து என்டர் கொடுங்கள். நூறு வீதம்வரை எண்ணிக்கொண்டு போகும். பழைய கணினியில் நேரம் எடுக்கும். இடையில் மூடாமல் சமையலைப் பார்த்துவிட்டு வாருங்கள். முன்பே ‘சிஸ்டம் ரிஸ்டோர்’ வசதியை இயக்கி வைத்திருந்தால், பிரச்சினை வருவதற்கு முந்திய ஒரு திகதிக்கு விண்டோஸைக் கொண்டுபோகலாம். அது உங்கள் பத்திரங்களைத் தொடாது.

விண்டோஸே திறக்காமல், தொடங்கும்போதே கறுப்புத் திரையில் ‘மிஸ்ஸிங்’ என்று வந்தால், முதலில் செருகியிருக்கும் பென்டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். பல தடவை கணினி அந்தப் பென்டிரைவில் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்கும். அப்படியும் வராவிட்டால், வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்துப் பத்திரங்களை எடுக்க வழி இருக்கிறது. கடையில் அதைக் கேளுங்கள்.

செய்யக்கூடாத ஒன்று

குறைந்த கோப்பின் பெயரை இணையத்தில் தேடினால், “அந்தக் கோப்பு எங்களிடம் இருக்கிறது, இறக்கிக்கொள்ளுங்கள்” என்று பல தளங்கள் வரும். வேண்டாம். தனிக் கோப்பாக இறக்கினால் அது வேறு பதிப்பாக இருக்கலாம், 32க்குப் பதில் 64 பிட்டாக இருக்கலாம், அதற்குள் வைரஸே இருக்கலாம். அந்தப் பெயருடன் கூடிய எல்லாமே அந்தக் கோப்பு ஆகிவிடாது. “உங்கள் கணினியை இங்கிருந்தே திருத்துகிறோம், இந்த மென்பொருளைப் போடுங்கள்” என்று தொலைபேசியில் சொல்பவரையும் உள்ளே விடாதீர்கள்.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா கசப்பாகச் சிரித்தார். “எனக்கு இது தெரியும் தங்கச்சி. அவற்ற பேரைச் சொல்லித் தேடேக்கையும், ‘நான் கண்டனான், இன்ன காம்பில இருக்கிறார், காசு தாங்கோ, கூட்டிக்கொண்டு வாறன்’ எண்டு ரெண்டு பேர் வந்தவை. ஒருத்தனுக்குத் தோட்டைக் கழட்டிக் குடுத்தன்.”

நான் ஒன்றும் பேசவில்லை. வாசிக்கும் உங்களிலும் பலருக்கு அந்த அனுபவம் இருக்கும். தேடும் அவசரத்தில் இருப்பவர்களைத் தேடி வருபவர்கள் எங்கும் இருக்கிறார்கள். கணினியில் இதற்கு ஒரு சுலபமான விதி உண்டு: ஒரு துண்டு எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்தே மறுபடி பெறவேண்டும். மென்பொருளின் துண்டை அந்த மென்பொருளைச் செய்தவரிடமிருந்து, விண்டோஸின் துண்டை மைக்ரோசொஃப்டிடமிருந்து.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால்

சில பழுதுகளுக்குக் கடைக்குப் போகத்தான் வேண்டும். அப்போது மூன்று விடயங்களைச் செய்யுங்கள். பிரதி எடுக்காமல் பெட்டியைக் கையில் கொடுக்காதீர்கள். வீட்டில் பிரதி எடுக்க முடியாவிட்டால், உங்கள் முன்னாலேயே எடுத்துத் தரச்சொல்லி, பென்டிரைவைத் திறந்து பார்த்து வாங்குங்கள். “பத்திரங்கள் அழிக்கக்கூடாது” என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். விண்டோஸை மறுபடி ஏற்றவேண்டும் என்றால், ‘ரீசெட்’ வசதியில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்ற தெரிவும் இருக்கிறது. அது மென்பொருள்களை அகற்றும், பத்திரங்களை வைத்திருக்கும். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பது எல்லாவற்றையும் அழித்துவிடும். எதைக் கொடுக்கப்போகிறார் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. காசு கொடுப்பது நீங்கள்தான்.

இன்னொன்றும் கேளுங்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியும் மைக்ரோசொஃப்டின் வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. நன்கொடையாகவும் பாவித்ததாகவும் நம் கைக்கு வரும் கணினிகளில் பல இவற்றில்தான் ஓடுகின்றன. புதிய மென்பொருள் ஒன்றை வாங்கமுன், உங்கள் விண்டோஸில் அது ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் அக்கா பெட்டியை மறுபடி சாக்குக்குள் வைத்தார். பென்டிரைவை ஒரு கைக்குட்டையில் முடிந்து கைப்பைக்குள் வைத்தார். இரண்டாவது பிரதி ஒன்றை நிலையத்தின் அலுமாரியில், அவர் பெயர் எழுதிய உறைக்குள் போட்டு வைத்தோம். பென்டிரைவும் பழுதாகும், தொலையும். ஆகவே எப்போதும் இரண்டு பிரதி, இரண்டு இடத்தில்.

புறப்படும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். “எண்டாலும் தங்கச்சி, அந்தச் சிங்கள வசனத்தை எழுதித் தாங்கோ. எப்பவாவது தேவைப்படும்.”

எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கும் உதவலாம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். வெட்டி எடுத்துக் கணினிப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்:

“மகே ஃபொட்டோ, ஃபைல் மகன்ன எப்பா. இஸ்ஸெல்லா கொப்பி கரலா தென்ன.”

என் படங்களையும் கோப்புகளையும் அழிக்கவேண்டாம். முதலில் பிரதி எடுத்துத் தாருங்கள்.

அடுத்த மாதம், பழைய பாமினிக் கடிதங்களை யுனிகோடுக்கு மாற்றும் வழியைப் பார்ப்போம். அதற்குமுன் ஒரு பென்டிரைவை எடுத்து, இந்தக் கிழமைக்குள் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி